மாப்பிள்ளை பேரில் ஒரு கார்

அத்தியாயம் 9

காலை எட்டே காலுக்கு சுடர்விழியின் போன் அடித்தது. திரையில் ‘கார் வாடகை’ என்று வந்ததும், இட்லித் தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“வணக்கம்மா. கமலக்கண்ணன் பேசுறேன். சாப்டீங்களா?”

அந்தக் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. மூன்று நாட்களாக அவளைப் பயமுறுத்துவது அதுதான். கத்துகிற ஆளிடம் திருப்பிக் கத்தலாம். சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ஆளிடம் என்ன செய்வது?

“இன்னும் இல்லைங்க.”

“அடிபட்ட மேடத்துக்கு எப்படி இருக்கு?”

“பரவால்ல.”

“நல்லதும்மா. வண்டி ரிப்பேருக்கு எஸ்டிமேட் வந்துருச்சு. நாலு லட்சத்து அறுபதாயிரம். சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு நானே வீட்டுக்கு வரேன். சாரோட பாஸ்போர்ட் எங்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க. நாளைக்குத்தான ஃபிளைட்?”

போன் வைக்கப்பட்டது. ஃபிளைட் என்றைக்கு என்று அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து, சாரம் பகுதியில் இருக்கும் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. சுடர்விழியின் கணவன் ராஜவேலுக்கு ஒரே அக்கா, சரிதா. பாரீசுக்குப் பக்கத்தில் கணவர் விஜயராகவனோடு பதினாலு வருஷமாக இருக்கிறாள். நாலு வருஷம் கழித்து இரண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய் வர ஐந்து நாளைக்கு ஒரு கார் வாடகைக்கு எடுத்தார்கள். ஓட்டுநர் இல்லாமல், தாங்களே ஓட்டிக்கொள்கிற கார்.

திங்கட்கிழமை மத்தியானம், கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, கார் இடப்பக்கம் ஏறுவதற்குப் பதிலாக வலப்பக்கம் ஏறிவிட்டது. பாரீசில் அதுதான் சரியான பக்கம். எதிரே பஸ். திருப்பியதில் கார் மதகுக் கட்டையில் போய் மோதி நின்றது. பஸ் நிற்காமல் போய்விட்டது. உள்ளே இருந்த இருவரும் தப்பினார்கள். காரின் முகம்தான் இல்லை.

“சுடரு, யாரு போன்ல? நம்ம ஆளா?” கூடத்திலிருந்து விஜயராகவன் கேட்டார்.

“ஆமாண்ணா. நாலு லட்சத்து அறுபதாயிரமாம். சாய்ங்காலம் வராராம்.”

“வரட்டுமே. காபி குடுத்து அனுப்புவோம்.” அவர் போனைத் தூக்கிக் காட்டினார். “என் கிரெடிட் கார்ட் கம்பெனிக்காரன் மெயில் போட்டுட்டான். நான்தான் சொன்னனே. அந்தக் கார்ட்டுல வாடகை கட்டுனாலே போதும், வண்டிக்கு வர்ற செலவெல்லாம் அவனோடது. வுவாலா, முடிஞ்சுது!”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் கிருஷ்ணசாமியின் முகம் மலர்ந்தது. மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டுபவர்.

“பாத்தியாம்மா? மாப்பிள்ளை வெவரமானவரு.”

“இன்னைக்குள்ள மூணே மூணு அனுப்பச் சொல்றான்.” விஜயராகவன் பிரெஞ்சில் இருந்ததைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். “ஒண்ணு, கார் என் பேர்ல எடுத்த ஒப்பந்தம். அது இருக்கு. ரெண்டு, வாடகைப் பணம் முழுசும் இந்தக் கார்ட்டுலதான் கட்டுனேன்னு காட்டுற பில். அத கடையில கேட்டு வாங்கணும். மூணு…”

அவர் ஒரு கணம் நிறுத்தினார்.

“மூணு, வண்டி ஓட்டுனது யாருன்னு கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். அது நான் எழுதிக்கிறேன்.”

மூன்றாவதைப் பற்றிச் சுடர்விழி அப்போது யோசிக்கவே இல்லை. இரண்டாவதிலேயே அவள் மனம் நின்றுவிட்டது.

வாடகைப் பணத்தைக் கட்டியது அந்தக் கார்டு இல்லை. அவள்.

*

போன சனிக்கிழமை. லாஸ்பேட்டை விமான நிலையச் சாலையில் இருந்த அந்த வாடகைக் கார் கடை. கமலக்கண்ணன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்.

“ஒரு நாளைக்கு முன்னூத்தம்பது ரூபா தனியா கட்டிட்டீங்கன்னா, வண்டி எப்படி இடிச்சாலும் ஐயாயிரத்துக்கு மேல கேக்க மாட்டோம் சார். கட்டலைன்னா ரிப்பேர் முழுக்க உங்களுது.”

விஜயராகவன் சிரித்துக்கொண்டே தங்க நிறக் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். “இதுலயே எல்லா இன்சூரன்ஸும் இருக்கு. உங்களுது வேணாம்.”

ஈடாக அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கார்டைத் தேய்த்தார்கள். முப்பதாயிரம். அது டெபாசிட்டுக்காகப் பிடித்து வைக்கிற பணம், வாடகை தனி என்று கமலக்கண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விஜயராகவன் காரைப் பார்க்க வெளியே போய்விட்டார். காரைச் சுற்றிச் சுற்றிப் போனில் படம் எடுத்தார். அங்கே அப்படித்தான் செய்வார்களாம்.

அந்த இடைவெளியில்தான் மாமனார் அவள் முழங்கையைத் தொட்டார்.

“சுடரு, வாடகைய நீ கட்டிடும்மா. நான் அப்புறம் தரேன்.”

“அண்ணன் கட்டறேன்னாரே மாமா?”

“அவரு சொல்லுவாரு. மாப்பிள்ளைகிட்ட காசு வாங்கி, நம்ம ஊர்ல கார் எடுத்துக் குடுத்தான் கிருஷ்ணசாமின்னு நாளைக்கு அவங்க சொந்தம் பேசும். எனக்கு அந்தப் பேரு வேணாம். சீக்கிரம், அவரு வந்துடப் போறாரு.”

சுடர்விழி போனை எடுத்து மேசையில் இருந்த க்யூஆர் கட்டத்தின்மேல் காட்டினாள். பதினோராயிரம். அரை நிமிஷம் கூட ஆகவில்லை.

விஜயராகவன் உள்ளே வந்து பர்சைத் தடவியபோது மாமனார் எழுந்து நின்று, “எல்லாம் முடிஞ்சுது மாப்பிள்ளை, கெளம்பலாம்,” என்றார். கார்டைத் தேய்த்ததிலேயே எல்லாம் முடிந்தது என்று விஜயராகவன் நினைத்துக்கொண்டார்.

மரியாதைக்குச் செய்தது. எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

*

பின்பக்கம் துணி துவைக்கிற கல் அருகே மாமனார் அவளுக்காகக் காத்திருந்தார்.

“அது… அந்த வாடகை… நாம கட்டுனது ஒண்ணும் பெரிய தப்பு இல்லையே?”

“அண்ணன் படிச்சத கேட்டீங்கல்ல மாமா? கார்ட்டுல கட்டுனாத்தான் இன்சூரன்ஸ்.”

“பணம் அதே பணம்தானம்மா? நான் கட்டுனா இன்னா, அவரு கட்டுனா இன்னா?”

“கார்ட் கம்பெனிக்கு அப்படி இல்ல மாமா.”

முப்பத்திரண்டு வருஷம் மின்கம்பத்தில் ஏறியவர். அவர் எதற்கும் பயந்து அவள் பார்த்ததில்லை. இப்போது துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ளைகிட்ட சொல்லாத. சரிதாவத்தான் பேசுவாரு. உங்கப்பனோட பெருமைக்கு நான் நாலரை லட்சம் கட்டணுமான்னு… ஆயுசுக்கும் அவளுக்குப் பேச்சும்மா.”

 அவள் போனில் இருந்து போன பணம். அவள் பெயர்தான் அந்த ரசீதில் இருக்கிறது.

உள்ளே சரிதா கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். நெற்றியிலும் மூக்கிலும் சிராய்ப்பு. முன்னால் மோதிக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள். அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்து, சிராய்ப்பு இல்லாத இடம் பார்த்து ஒட்டினாள். அரக்கு நிறப் பொட்டு, நடுவில் ஒற்றை வெள்ளைக் கல். வந்த முதல் வாரமே நேரு வீதியில் தேடிப் பிடித்து இரண்டு அட்டை வாங்கினாள்.

“மருந்து போடட்டுமா அண்ணி?”

சரிதா திடுக்கிட்டுத் திரும்பினாள். “வேணாம் சுடரு.” பிறகு, கதவைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டாள். “அந்தக் கம்பெனிக்காரங்க ரொம்பத் தோண்டித் துருவி விசாரிப்பாங்களா? உனக்கு இன்னா தோணுது?”

“எதை அண்ணி?”

“எல்லாத்தையும்தான். போன வருஷம் இவரோட வேலை செய்யற ஒருத்தன், இன்சூரன்சுக்குப் பொய்யா எழுதிக் குடுத்துட்டான். கேஸ் ஆயிருச்சு. ஏர்போர்ட்ல செக்யூரிட்டி வேலைக்குப் போலீஸ் பேட்ஜ் வேணும். அத புடுங்கிட்டாங்க. இப்ப மார்க்கெட்ல மூட்டை தூக்கறான்.” பொட்டு அட்டையை மூடி வைத்தாள். “இவருக்கு அந்த வேலையத் தவிர ஒண்ணும் தெரியாது சுடரு.”

வாடகை விஷயம் அண்ணிக்குத் தெரிந்துவிட்டதோ என்று சுடர்விழி பயந்தாள். “அப்படியெல்லாம் ஆவாது அண்ணி,” என்று மட்டும் சொன்னாள்.

கூடத்தில் விஜயராகவன் கூப்பிட்டார். “சுடரு, உன் காலேஜ் லாஸ்பேட்டையிலதான? போற வழியில அந்த பில்ல வாங்கி போட்டோ எடுத்து அனுப்பும்மா. நீயே நேர்ல எடுத்துட்டு வந்தா இன்னும் நல்லது.”

“நானே வாங்கியாறேன்ணா,” என்றாள். வேறு யாரும் அந்தக் கடைக்குப் போகக் கூடாது.

*

வேலை பார்க்கிற கல்லூரி அலுவலகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடைக்குப் போனாள். ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஸ்டாண்டு இரண்டு முறை நழுவியது.

“வாங்கம்மா. டீ சொல்லட்டுமா?” கமலக்கண்ணன் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

“வேணாங்க. ஒரு பில் வேணும்.”

“குடுக்கறேன். மொதல்ல ஒரு தடவ வண்டியப் பாத்துட்டு வந்துருங்க. பின்னால ஷெட்டுலதான் நிக்குது. பார்த்துட்டா, நான் நியாயமாத்தான் கேக்கறேன்னு உங்களுக்கே புரியும்.” அவர் போன் அடித்தது. “நீங்க போங்கம்மா, தோ வந்துடறேன்.”

தகர ஷெட்டுக்குக் கீழே நீலத் தார்ப்பாய் பாதி விலகிய நிலையில் கார் நின்றது. முன்பக்கம் ஒரு கை மூடினது போல் மடங்கியிருந்தது. சுடர்விழி ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்து நின்றாள். கண்ணாடி இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஏர்பேக் வெடித்து, காற்றுப் போய், வெள்ளைத் துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இதிலிருந்தா உயிரோடு வந்தார்கள்?

அந்த வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி இருந்தது.

ரத்தம் என்று நினைத்துக் குனிந்தாள். ரத்தம் இல்லை. அரக்கு நிறம். நடுவில் ஒற்றை வெள்ளைக் கல்.

சுடர்விழி இடப்பக்க இருக்கையைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு ஏர்பேக் தொங்கியது. அதில் ஒன்றுமில்லை. மறுபடியும் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பொட்டு அங்கேதான் இருந்தது, ஓட்டியவரின் நெற்றி வந்து மோதுகிற இடத்தில்.

சரிதாவின் சிராய்த்த மூக்கு. சரிதாவின் கேள்வி. மூன்றாவதைச் சொல்லும்போது நின்று போன விஜயராகவனின் குரல்.

ஓட்டியது அவர் இல்லை. ஒப்பந்தத்தில் பெயரே இல்லாத சரிதா.

யோசித்துச் செய்தாளா என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வரும்போது தரையில் கிடப்பதைப் பொறுக்குவோமே, அந்த வேகம்தான். கை ஜன்னலுக்குள் போனது. நகத்தால் பொட்டை உரித்தது. உள்ளங்கையில் மூடிக்கொண்டது. அதன் பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

போன் உறைக்குள் பொட்டை ஒட்டி வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். கமலக்கண்ணன் மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தீங்களாம்மா?”

“பார்த்தேன்.”

“என்ன பில்லு வேணும்?”

சுடர்விழி குரலைத் தாழ்த்தினாள். “வாடகை… அண்ணனோட கார்ட்டுல கட்டுன மாதிரி.”

அவர் ஆச்சரியப்படவே இல்லை. “கார்ட் இன்சூரன்ஸா? நெனைச்சேன். இதுக்கு முன்னாடியும் ரெண்டு ஃபாரின்காரங்க வந்து கேட்டிருக்காங்க. உங்க பதினோராயிரத்த உங்களுக்கே திருப்பிடறேன். கார்ட்டுல வந்ததா போன சனிக்கிழமை தேதி போட்டுக் குடுத்துடறேன். எனக்கு என் வண்டி ரிப்பேர் ஆனா சரி.”

“இது தப்பில்லைங்களா?”

“காயிதத்துல இன்னாம்மா தப்பு? வண்டிய அவருதான எடுத்தாரு? அவருதான ஓட்டுனாரு?”

கடைசிக் கேள்வியை அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“ஆமா,” என்றாள் சுடர்விழி. “அண்ணன்தான் ஓட்டுனாரு.”

“அவ்வளவுதான்.” பிரிண்டர் முனகியது. சூடான காகிதத்தை அவர் இரண்டு கையாலும் நீட்டினார். “பத்திரமா போங்கம்மா. வண்டி ஓட்டும்போது கை நடுங்கக் கூடாது.”

*

கணவன் வேலை செய்யும் மேட்டுப்பாளையம் தொழிற்சாலையில் ஷிப்டு நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். ஒரு மணிக்கு, சாப்பாட்டு இடைவேளையில்தான் ராஜவேல் கிடைத்தான். சாலையோர வேப்ப மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, அவள் பில்லைப் பற்றிச் சொன்னாள். பொட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

“வாங்கிட்டல்ல? அப்பறம் இன்னா?” என்றான் ராஜவேல், வாயில் சோற்றோடு.

“பொய் பில்லுங்க.”

“எவனுக்குத் தெரியப் போவுது? பாரீசுல உக்காந்திருக்கறவன் லாஸ்பேட்டைக்கு வந்து எட்டிப் பாப்பானா?”

“மாட்டிக்கிட்டா அண்ணனுக்கு வேலை போயிடும். அவருக்கே தெரியாம அவரு கையால அத அனுப்ப வைக்கணுமா?”

ராஜவேல் மெல்லுவதை நிறுத்தினான். “அனுப்பலைன்னா நாலரை லட்சம் யாரு தருவா? பாஸ்போர்ட் வரலைன்னா விஜயராகவன் மாமா நாளைக்குப் போக முடியாது. லீவு முடிஞ்சு போகலைன்னா அப்பவும் வேலை போகும்டீ.”

அவன் சொன்ன கணக்கு எப்படிப் பார்த்தாலும் சரியாக இருந்தது. அதனால்தான் அவளுக்குத் தப்பிக்க வழி தெரியவில்லை.

“நான் வரத்துக்கு ஆறரை ஆவும். நீ பேசாம குடுத்துடு. புரியுதா?”

“ம்.”

அந்த மரத்தடியிலேயே வெகுநேரம் நின்றாள். பில்லை நாலாக மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். இதை அவர் அனுப்பினால், ஒரே மெயிலில் இரண்டு பொய். ஒன்று அவருக்குத் தெரிந்த பொய். இன்னொன்று தெரியாத பொய். இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து.

*

வீட்டுக்குள் நுழையும்போது மணி நாலு. விஜயராகவன் மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். சரிதா பக்கத்தில். மாமனார் சன்னல் ஓரம், அவளையே பார்த்தபடி.

“வா வா. ஒப்பந்தம் ஏத்தியாச்சு. வாக்குமூலம் எழுதியாச்சு. உன் பில்லு ஒண்ணுதான் பாக்கி. ஏத்திட்டு ஒரு அமுக்கு, அவ்வளவுதான்.”

சுடர்விழி பில்லை எடுத்தாள். அவர் கையை நீட்டினார். மாமனார் கண்ணாலேயே கெஞ்சினார். கொடு, கொடுத்துவிடு.

“சுடரு? இன்னாம்மா, முகமெல்லாம் வேர்க்குது?”

“அனுப்பாதீங்கண்ணா.”

“எதை?”

“இது பொய் பில்லு. வாடகைய நீங்க கட்டல. நான் என் போன்ல கட்டிட்டேன்.”

 விஜயராகவன் பர்சைத் திறந்து, கார்டு தேய்த்த சீட்டைத் தேடி எடுத்தார். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார். முப்பதாயிரம். டெபாசிட்.

“நான் படிக்கவே இல்ல,” என்றார் மெதுவாக. “முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. நம்பிட்டேன்.”

“நான்தான் சொன்னேன் மாப்பிள்ளை.” கிருஷ்ணசாமி எழுந்து வந்தார். “அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கட்டச் சொன்னேன். நீங்க இந்த வீட்டு மாப்பிள்ளை. உங்ககிட்ட வாடகை வாங்கறது…”

“மாப்பிள்ளைன்னா காசு குடுக்கக் கூடாதா மாமா?” விஜயராகவனின் குரல் உடைந்தது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. “அங்க தண்ணி பாட்டில் வாங்குனாகூட அவனவன் காசு அவனவன்தான் குடுப்பான். அந்த ஊருக்கு எழுதுன இன்சூரன்சு இது. உங்க மரியாதைக்கு அதுல எடமே இல்ல.”

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

திட்டுவார் என்று சுடர்விழி காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. பில்லை வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் என்ன யோசிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறார்.

“நல்லாத்தான் அடிச்சுக் குடுத்திருக்கான்,” என்று முணுமுணுத்தார். “ஒரு பொய்யோட இன்னொண்ணு…” சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

சுடர்விழி போன் உறையைப் பிரித்தாள். பொட்டை எடுத்து மேசையில், பில்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அண்ணி, இது உங்களோடதுதான?”

சரிதாவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

“ஸ்டியரிங் ஏர்பேக்ல ஒட்டியிருந்துச்சு.”

கிருஷ்ணசாமி பொட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“நீயா ஓட்டுன?”

“ஆசையா இருந்துச்சுப்பா.” சரிதா முகத்தை மூடிக்கொண்டாள். “பதினாலு வருஷமா அங்க ஓட்டறேன். நம்ம ஊர் ரோட்டுல ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்னு நான்தான் சாவியக் கேட்டேன். பங்க்ல இருந்து வெளியே வந்ததும் கை பழக்கத்துல வலது பக்கம் போயிருச்சு. பஸ்ஸு… அந்த ஹாரன் இன்னும் காதுலயே இருக்குப்பா.”

“ஒப்பந்தத்துல என் பேரு மட்டும்தான்,” என்றார் விஜயராகவன். “வேற யாரு ஓட்டுனாலும் காசு கெடையாது. யாரும் பாக்கல, நான்னு எழுதிடலாம்னு நெனைச்சேன். இது ஒண்ணுதானன்னு நெனைச்சேன்.”

“உங்க பேட்ஜ் போயிடும்ணா.”

“தெரியும்.”

“அண்ணிக்கு அது தெரிஞ்சு மூணு நாளா சோறு எறங்கல. காலையில என்னைக் கேட்டாங்க, ரொம்ப விசாரிப்பாங்களான்னு. எனக்கு அப்பப் புரியல.”

விஜயராகவன் மனைவியைப் பார்த்தார். அவள் விரலிடுக்கு வழியாகக் கண்ணீர் மணிக்கட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அவர் போனைத் தன் பக்கம் இழுத்தார். எழுதியிருந்த வாக்குமூலத்தைத் திறந்தார். கட்டை விரல் திரையில் ஒரு முறை அழுந்தியது. அழிந்தது.

“அவ்வளவுதான்,” என்றார். “அந்த அசுரான்ஸ் பணம் இல்ல. ஒண்ணும் இல்ல. வரட்டும், அந்த ஆளுகிட்ட நேராப் பேசறேன். மாசா மாசம் கட்டறேன்னு எழுதித் தரேன். என் பாஸ்போர்ட்ட வெச்சுக்க அவனுக்கு உரிமை கெடையாது, அதையும் கேக்கறேன்.”

மூன்று நாளில் முதல் முறையாக சுடர்விழிக்கு முழு மூச்சு வந்தது. பணம் போனது போனதுதான். ஆனால் யாரும் யாரிடமும் ஒளிக்க இனி ஒன்றுமில்லை. மாமனார் எழுந்து வந்து, மகளின் தலையில் கை வைத்தார். 

சுடர்விழியின் போன் மேசையில் அதிர்ந்தது.

‘கார் வாடகை.’

அழைப்பு இல்லை. ஒரு வீடியோ. பதினோரு விநாடி.

திறந்தாள். மேலே எங்கோ உயரத்திலிருந்து எடுத்தது. தகர ஷெட். நீலத் தார்ப்பாய். பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் காரின் ஜன்னலுக்குள் கையை விடுகிறாள். ஏர்பேக்கிலிருந்து எதையோ உரிக்கிறாள். கையை மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். பக்கவாட்டில், பின்னால் என்று எல்லாப் பக்கமும் பார்க்கிறாள். மேலே மட்டும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் மிகத் தெளிவாக இருந்தது.

கீழே ஒரு வரி: ‘பில்ல அனுப்பிட்டாராம்மா சார்? உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்.’

அப்படியென்றால் அவருக்குப் பொட்டும் தெரியும். முதலிலேயே தெரியும். தெரிந்துதான் அவளைத் தனியாக வண்டியிடம் அனுப்பினார். தெரிந்துதான் ஓட்டியது யார் என்று அவள் வாயிலிருந்தே வரவழைத்தார். தெரிந்துதான் அந்தப் பில்லை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் கேட்கப் போவது நாலு லட்சத்து அறுபதாயிரம் மட்டும் இல்லை.

போனைக் கவிழ்த்து வைக்கத்தான் அவள் கை முதலில் போனது. எதையும் மூடி வைக்கிற அதே கை. பாதியில் அவளே அதை நிறுத்தினாள்.

“அண்ணா,” என்றாள். போனை மேசை நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். “இதையும் பாத்துடுங்க.”

மூன்று தலைகள் குனிந்தன. பதினோரு விநாடி ஓடி முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

வெளியே ஒரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இன்னொரு கதவும் திறந்தது. வந்தவர் தனியாக வரவில்லை.

கிருஷ்ணசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு ஆவ இன்னும் இருபது நிமிஷம் இருக்கே…”

வாசல் கேட்டின் கொண்டி விலகியது.

“வணக்கம்மா,” என்றது அந்த மென்மையான குரல். “எல்லாரும் சாப்டீங்களா?”